எம்ஜிபி 1969: ஸ்பீடோ, டாக்கோ எடுக்க டேஷ் முழுதும் இறக்க வேண்டுமா?

குளிர்காலவேலை எழுதியது:

வணக்கம். வண்டி 1969 எம்ஜிபி ஜிடி கார். பிரிட்டனுக்குள் விற்ற வலப்பக்க ஸ்டீயரிங் மாடல், கறுப்பு இரும்பு டேஷ், நெகடிவ் எர்த் (பேட்டரியின் நெகடிவ் முனை பாடியோடு). மீட்டர்கள் எல்லாம் ஆலையில் போட்ட ஸ்மித்ஸ்தான். இப்போது மூன்று தொல்லைகள்.

ஸ்பீடோ (வேகமானி) முள் 40 மைல் வேகம் வரை ஆடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மேல் ஓரளவு நிற்கிறது. டயல் விளக்குகள் எரிகின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்கு மங்கல். டேங்கை நிரப்பினாலும் பெட்ரோல் முள் முக்காலைத் தாண்டுவதில்லை.

டேஷை மொத்தமாக இறக்கி ஒரேயடியாக வேலையை முடிக்கலாமா, அல்லது ஒவ்வொரு மீட்டராக எடுக்க முடியுமா? ஸ்டீயரிங் வீல் வெளியே வரவேண்டுமா? கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டாக்கோவின் (எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர்) முதுகில் ஒரு பிளாஸ்டிக் கட்டை, அதற்குள் வெள்ளை ஒயர் ஒன்று வளையம் போட்டுப் போகிறது. பக்கத்தில் கனெக்டர் எதுவும் தெரியவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டுமா?

ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் சேர்ந்த இரட்டை மீட்டரையும் இதோடு எடுத்துத் துடைத்துவிட நினைக்கிறேன். பல்புகளை எல்இடியாக மாற்றுவது பற்றியும் சொல்லுங்கள்.

---

ஓவர்டிரைவ் எழுதியது:

டேஷை இறக்காதீர்கள். அதை இறக்க வேண்டுமானால் எல்லா சுவிட்சும், சோக் கேபிளும், ஹீட்டர் கேபிள்களும், ஆயில் குழாயும், சூடு மீட்டரின் நுண்குழாயும் விடுபட வேண்டும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கு அது தேவையே இல்லை. ஸ்பீடோவும் டாக்கோவும் தனித்தனியாக இருக்கைப் பக்கம் வெளியே வரும். வீலையும் கழற்ற வேண்டாம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே இடம் வருகிற மாதிரி திருப்பி வைத்தால் போதும்.

முதல் வேலை பேட்டரி. இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். பாடிக்குப் போகும் எர்த் கேபிளைக் கழற்றி, தானாகத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். சாவியை அணைத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. இக்னிஷன் சுவிட்சுக்கும் ஹெட்லைட் சுவிட்சுக்கும் வரும் பழுப்பு ஒயரில் ஃப்யூஸே கிடையாது, எந்நேரமும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனரோ மோதிரமோ அதில் பட்டு இரும்பு டேஷைத் தொட்டால் ஒயர்க்கட்டு முழுதும் உருகிவிடும்.

ஸ்பீடோவுக்குப் பின்னால் மூன்று பிடிப்புகள். ஒன்று, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கும் வளையும் தண்டு. அதன் குமிழ் டேஷின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன நட்டால் பிடித்திருக்கும். இதை முதலில் விடுவியுங்கள். இதை மறந்து ஸ்பீடோவை இழுத்துத்தான் தண்டை ஒடிக்கிறார்கள். இரண்டாவது, ஸ்பீடோ கேபிளின் நட்டு. சுற்றிலும் வரி போட்டிருக்கும், விரலால் திருப்பலாம். வரவில்லை என்றால் இடுக்கியை நேராக அதன்மேல் போடாமல் ரப்பர் துண்டு சுற்றிப் பிடியுங்கள். மூன்றாவது, மீட்டரை டேஷோடு இறுக்கும் கால்கள், அவற்றைப் பிடிக்கும் இரண்டு பித்தளை நட்டுகள். கை நுழையாத இடத்தில் ஒரு சாண் ரப்பர் டியூபை நட்டின்மேல் செருகித் திருப்பினால் எளிதாக வரும்.

அந்த நட்டின் அடியில் ஒரு கறுப்பு ஒயர் மாட்டியிருக்கும். அதுதான் மீட்டரின் எர்த். எந்த நட்டின் அடியில் இருந்தது என்று போட்டோ எடுத்துவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதை விட்டுவிட்டால் விளக்குகளின் மின்சாரம் வேறு பல்புகள் வழியாக வழி தேடும். இண்டிகேட்டர் போட்டால் டயல் விளக்கு மினுக்கும், டாக்கோ வேலை செய்யாது. பேய் பிடித்த வண்டி என்று சொல்லப்படுபவற்றில் பாதிக்குக் காரணம் இந்த ஒற்றைக் கறுப்பு ஒயர்தான்.

பிறகு மீட்டரை முன்பக்கம் கொஞ்சம் தள்ளி, பல்பு ஹோல்டர்களை ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து பிடுங்குங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல் ஹோல்டரின் தோளைப் பிடித்து இழுங்கள். நிறங்களை வைத்தே எது எங்கே என்று தெரியும். சிவப்பு-வெள்ளை டயல் விளக்கு, நீலம்-வெள்ளை ஹை பீம், பழுப்பு-மஞ்சள் சார்ஜ் விளக்கு, பச்சை-சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சை-வெள்ளை வலது. 50 வருடத்தில் நிறம் மங்கி எல்லாம் ஒரே அழுக்கு நிறமாகியிருக்கும். அதனால் காகிதச் சீட்டு ஒட்டுவது நல்லது.

ஒரு பெரிய மீட்டர் வெளியே வந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகக் கை விட்டு மற்றதன் நட்டுகளைத் திருப்பலாம். எது எளிதாக எட்டுகிறதோ அதில் ஆரம்பியுங்கள்.

---

லண்டன்மழை எழுதியது:

தம்பி, அந்த வெள்ளை வயரை வெட்டிப்போடாதேங்கோ!

இக்னிஷன் சுவிட்சிலயிருந்து, ஸ்பார்க்கை உண்டாக்கிற கொயிலுக்குப் போற மின்சாரம் முழுக்க அந்த வயருக்குள்ளாலதான் போகுது. உங்கட ரக்கோ (டாக்கோ) ஆர்விஐ வகை, டயலிலயே அந்த எழுத்து இருக்கும் பாருங்கோ. கொயிலுக்குப் போற கறண்ட் ஒவ்வொருமுறை வெட்டுப்படேக்கையும் அந்தக் கட்டைக்குள்ள ஒரு துடிப்பு வரும், அதை எண்ணித்தான் முள் நகருது. வயர் ரக்கோவோட எங்கயும் தொடுப்பில இல்லை, சும்மா சுத்திப் போகுது, அவ்வளவுதான். கட்டையைப் பிடிச்சிருக்கிற பிடிப்பைக் கழட்டினால் வயரும் கட்டையும் ஒண்டாய் வெளிய வரும். வயர் முழுசாய் இருக்கிறதால ரக்கோ இல்லாமலே எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணலாம்.

இன்னொரு வகை ஆர்விஐயும் இருக்குது. அதில வளையம் உள்ளுக்குள்ள, வெளியில ஆண் ஒண்டு பெண் ஒண்டாய் இரண்டு புல்லட் முனை. அந்த வகையைக் கழட்டினால் இரண்டு வயர் முனையையும் ஒண்டோட ஒண்டு சேர்க்காமல் எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாது. "மீற்றரைத்தானே கழட்டினன், ஏன் ஸ்பார்க் இல்லை" எண்டு வாற கேள்விக்கு இதுதான் பதில்.

திரும்பப் போடேக்கை வயர் எந்தப் பக்கத்தால உள்ள போய் எந்தப் பக்கத்தால வந்தது, எத்தினை சுத்து எண்டது அப்பிடியே இருக்கவேணும். திசை மாறினால் முள் அசையாது, இல்லையெண்டால் கண்டபடி துள்ளும். சுத்தைக் கூட்டிக் குறைச்சாலும் கணக்குப் பிழைக்கும். கழட்ட முதல் இரண்டு பக்கத்தாலயும் படம் எடுங்கோ, வயரில ஒரு ரேப் துண்டு ஒட்டி "கொயில் பக்கம்" எண்டு எழுதுங்கோ.

ஆராவது முந்தி வெட்டி ஒட்டியிருந்தால் மெல்லிய வயரால நீட்டியிருக்கிறாங்களோ எண்டும் பாருங்கோ. 3 ஓம் கொயில் எண்டால் 4 அம்பியர் மட்டில போகும். மெல்லிய வயரும் இளகின தொடுப்பும் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கேக்கை வண்டி நிண்டுபோகும்.

1972க்குப் பிறகு வந்த ஆர்விசி ரக்கோவுக்கு இதொண்டும் பொருந்தாது. அதுக்குக் கொயிலின்ர நெகடிவ் பக்கத்திலயிருந்து வெள்ளை-கறுப்பு வயர் ஒண்டு தனிய வரும், கழட்டிப் பூட்ட வேண்டியதுதான். இரண்டையும் மாத்திப் போடேலாது.

---

ஆறுவோல்ட் எழுதியது:

இரட்டை மீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். துடைப்பதற்காக அதை எடுக்காதீர்கள்.

பெட்ரோல் மீட்டர்போல அது மின்சாரத்தில் ஓடுவதில்லை. சூடு காட்டும் பாதி ஒரு மூடிய குழாய்த் தொகுதி. சிலிண்டர் ஹெட்டில் ஒரு குமிழ், அங்கிருந்து மீட்டர் வரை மெல்லிய நுண்குழாய், உள்ளே ஈதர். சூட்டில் ஈதர் ஆவியாகும் அழுத்தமே முள்ளைத் தள்ளுகிறது. குமிழையும் மீட்டரையும் பிரிக்க முடியாது, மொத்தமும் ஒரே பொருள். மீட்டர் வெளியே வரவேண்டுமென்றால் தண்ணீரை ஹெட் மட்டத்துக்குக் கீழே வடித்து, நட்டைத் தளர்த்தி, குமிழை உருவி, நுண்குழாயை எஞ்சின் அறைத் தடுப்பின் ரப்பர் வளையத்துக்குள்ளே இழுத்து எடுக்க வேண்டும்.

இதில் கெடுவது எப்போதும் ஒரே இடம்தான். பல வருடம் சும்மா இருந்த நட்டும் குமிழும் துருவில் ஒட்டிக்கொள்ளும். நட்டைத் திருப்பினால் குமிழும் சேர்ந்து திரும்பி நுண்குழாயை முறுக்கும். முறுக்கினால் விரிசல், ஈதர் போய்விட்டது, முள் அடியிலேயே படுத்துவிடும். புதிய குமிழும் குழாயும் வைத்துச் சூட்டிணைப்பு செய்து ஈதர் நிரப்பித் தருபவர்கள் உண்டு. ஆனால் அது ஷெட்டில் செய்யும் வேலை அல்ல.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். நட்டை எட்டில் ஒரு சுற்று முன்னே, பின்னே என்று அசைத்து, நுண்குழாய் கூடத் திரும்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சின் அருகே நுண்குழாயில் இருக்கும் சுருளை நேராக்காதீர்கள். எஞ்சினின் ஆட்டம் குழாய்க்குப் போகாமல் தாங்குவது அந்தச் சுருள்தான்.

ஆயில் பக்கம் அவ்வளவு மோசமில்லை. மீட்டரின் முதுகில் சின்ன யூனியன் நட்டு, உள்ளே தோல் வாஷர். கழற்றினால் ஒரு ஸ்பூன் அளவு ஆயில் சொட்டும், அதனால் கார்பெட்டின்மேல் துணி போடுங்கள். பழைய தோல் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். புதியதை ஆயிலில் நனைத்துப் போடுங்கள். பொருத்திய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, காகித டிஷ்யூவை யூனியனைச் சுற்றி வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். சூடான எஞ்சினில் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை அந்தக் குழாயில் இருக்கும். ஒரு சொட்டுக் கசிவு ஒரு பயணத்தில் கார்பெட் முழுக்க ஆகிவிடும்.

டயல் கண்ணாடி அழுக்கு என்றால் மீட்டர் டேஷிலேயே இருக்கட்டும், வெளிப்பக்கம் மட்டும் துடைத்தால் போதும்.

---

பித்தளைநட்டு எழுதியது:

மேலே மூவரும் கழற்றும் வழியைச் சொல்லிவிட்டார்கள். உங்கள் மூன்று தொல்லையில் இரண்டுக்கு மீட்டரைக் கழற்றவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

பெட்ரோல் முள்ளில் தொடங்குவோம். அதற்கு மின்சாரம் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வழியாக வருகிறது. டேஷுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தகரப் பெட்டி அது. பி முனையில் பச்சை ஒயரில் 12 வோல்ட் உள்ளே போகும், ஐ முனையில் இளம்பச்சை-பச்சை ஒயரில் சராசரி 10 வோல்ட் வெளியே வரும். உள்ளே ஒரு ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருகிறது. அதனால் டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண் குதித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

எல்லோரும் முதலில் இதைத்தான் மாற்றுவார்கள். ஆனால் உங்கள் முள் குறைவாகக் காட்டுகிறது. ஸ்டெபிலைசருக்கு எர்த் போனால் உள்ளே தகடு சூடாகாது, முனை மூடியே இருக்கும், முழு 12 வோல்ட் போய் முள் அதிகமாகத்தான் காட்டும். ஆகவே சந்தேகம் டேங்க் பக்கம் போகவேண்டும். சாவியை அணைத்து, டேங்க் சென்டரிலிருந்து (பெட்ரோல் மட்டத்தை மீட்டருக்குத் தெரிவிக்கும் கருவி) பச்சை-கறுப்பு ஒயரைக் கழற்றி, அதை ஒரு நீள ஒயரால் டேங்குக்குத் தள்ளி பாடியில் சுத்தமான உலோகத்தோடு இணையுங்கள். இணைத்த பிறகுதான் சாவியைப் போட வேண்டும், பொறி டேங்க் அருகே வரக்கூடாது. முள் மெதுவாக ஏறி முழுக் குறிக்குப் போனால் மீட்டரும் ஸ்டெபிலைசரும் சரி. உடனே சாவியை அணைத்துவிடுங்கள். தவறு சென்டரின் எர்த், முனைத் துரு, அல்லது வளைந்த மிதவைக் கம்பி. அப்போதும் முக்காலிலேயே நின்றால் மட்டும் டேஷ் பக்கம் வாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மீட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டுச் சுருள் கருகும்.

ஸ்பீடோ முள் ஆட்டத்துக்கு 10ல் 9 முறை கேபிள்தான் காரணம். ஸ்பீடோ பக்கம் நட்டைக் கழற்றி உள்கம்பியை மேலே உருவுங்கள். மேஜைமேல் போட்டு உருட்டினால் வளைவு இருக்கிற இடம் எகிறும். எகிறினால் மாற்றுங்கள், நிமிர்த்திப் பயனில்லை. கம்பி மேல் முனை வரை ஆயிலில் நனைந்து வந்தால் கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைச் சுற்றும் ஸ்பீடோ பினியன் பல்சக்கரத்தின் சீல் போயிருக்கிறது. ஆயில் கம்பிச் சுற்றோடு மேலே ஏறி ஸ்பீடோவுக்குள் போய்விடும். அந்தச் சீலை மாற்றாமல் புதுக் கேபிள் போடுவது வீண்.

கிரீஸ் கொஞ்சம்தான். கம்பியைத் தடவிக் குழாய்க்குள் விட்டபின் மேல்பக்கம் 8 அங்குலம் வெளியே இழுத்து அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். மேல் முனையில் கம்பி குழாயைவிட 9 அல்லது 10 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் ஸ்பீடோவில் சரியாகக் கவ்வாது. கேபிளின் வளைவு 6 அங்குல ஆரத்துக்குக் குறையக்கூடாது, ஸ்பீடோவை ஒட்டிய 2 அங்குலம் நேராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மீறித்தான் பெரும்பாலான புதுக் கேபிள்களும் ஆடுகின்றன. தடுப்பின் ரப்பர் வளையம் வழியாகக் கேபிளை உள்ளே கொஞ்சம் தள்ளிவிட்டால் இடம் கிடைக்கும்.

விளக்கு மங்கலுக்கு முதலில் டிம்மரைப் (டயல் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) பாருங்கள். அதன் சிவப்பு ஒயரையும் சிவப்பு-வெள்ளை ஒயரையும் நேராக இணைத்தால் பளிச்சென்று எரிகிறதா? அப்படியானால் டிம்மரின் உள் முனை அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து 20, 30 முறை திருப்புங்கள். இல்லையென்றால்தான் மீட்டரை எடுக்க வேண்டும். கூட்டின் உட்புற வெள்ளைப் பெயின்ட் பழுத்து மஞ்சளாகியிருக்கும். இந்த மீட்டர்களில் வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத் தெறித்துத்தான் டயலுக்கு வருகிறது, எனவே பளபள வெள்ளை பெயின்ட் அடித்தாலே பல்பு மாற்றாமல் பெரிய வித்தியாசம் தெரியும். முன் வளையத்தின் நாக்குகள் கூட்டின் வெட்டுகளுக்கு நேராக வரும் வரை வளையத்தைத் திருப்பினால் கழலும். ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் குரோம் உரிந்துவிடும். முள்ளைத் தொடாதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தை டயல் பக்கம் கொண்டே போகாதீர்கள், எழுத்தும் சேர்ந்து வரும்.

எல்இடி: டயல் விளக்குக்குப் போடலாம், டிம்மர் மட்டும் முன்போல் வேலை செய்யாது. சார்ஜ் விளக்குக்கு வேண்டாம். ஆல்டர்னேட்டர் விழித்தெழுவதற்கான முதல் மின்சாரம் அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் மின்சாரம் அதற்குப் போதாது, எஞ்சினை முறுக்கினால்தான் சார்ஜ் ஏறத் தொடங்கும்.

---

குளிர்காலவேலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டேங்க் சோதனையில் முள் முழுக் குறிக்குப் போய்விட்டது, சென்டரின் எர்த் ஒயர் முனை பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. டிம்மரைச் சேர்த்துப் பார்த்தும் மங்கல்தான், ஆகவே இரண்டு பெரிய மீட்டரையும் எடுக்கப் போகிறேன், இரட்டை மீட்டரைத் தொடவில்லை.

ஒரு சந்தேகம். ஸ்பீடோ டயலின் அடியில் சின்னதாக 1000 என்று இருக்கிறது. இது இந்த வண்டிக்கு உரியதுதானா? பொருத்தும்போது கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது?

---

ஓவர்டிரைவ் எழுதியது:

அந்த எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது. உங்கள் வண்டி மார்க் 2 வகை, அதற்கு 1280 இருக்க வேண்டும். 1000 என்பது 1977 முதல் வந்த வண்டிகளின் கணக்கு. யாரோ பிற்கால ஸ்பீடோவின் உள்பகுதியையோ டயலையோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது கியர்பாக்ஸையே மாற்றியிருக்கிறார்கள். அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்பீடோ பக்கம் கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் முனையில் அட்டைத் துண்டு ஒன்றைக் குத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் வண்டியைத் தள்ள, பின் சக்கரம் சரியாக 6 சுற்று சுற்றும்போது அட்டை எத்தனை சுற்று என்று கால் சுற்று வரை எண்ணுங்கள். சக்கர மையத்திலிருந்து தரை வரை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்று எண்ணை 1680ஆல் பெருக்கி அந்த அளவால் வகுத்தால் வண்டிக்கு வேண்டிய எண் வரும். 11.8 அங்குலத்தில் 9 சுற்று வந்தால் 1280. 7 சுற்று வந்தால் 1000க்குப் பக்கம், அப்படியானால் அந்த ஸ்பீடோ சரி. தள்ளாமல் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிச் சுற்றினால் இரு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் பாதியைத் தின்றுவிடும், 6க்குப் பதில் 12 சுற்று சுற்ற வேண்டும்.

பொருத்தும்போது: பல்பு ஹோல்டர்களையும் எர்த்தையும் மாட்டி, மீட்டர் இன்னும் கையில் தொங்கும்போதே பேட்டரியை இணைத்து எல்லா விளக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு பேட்டரியை மறுபடி விடுவித்துவிட்டு உள்ளே தள்ளுங்கள். வளையத்துக்கும் டேஷுக்கும் நடுவே உள்ள ரப்பர் சீல் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். மீட்டர் நடுங்குவதை நட்டை முறுக்கிச் சரிசெய்ய முயன்றால் கூட்டிலிருந்து ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும். பித்தளை நட்டுக்கு விரல் இறுக்கம் போதும். கேபிள் முனை சதுரத்தில் உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே கேபிள் நட்டைத் திருப்புங்கள், நட்டால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். ட்ரிப் தண்டு கடைசி.

---

லண்டன்மழை எழுதியது:

ஒண்டு சேர்க்கிறன். ஸ்பீடோ மேசையில இருக்கேக்கையே சோதிக்கலாம். மணிக்கு 60 மைல் எண்டால் நிமிசத்துக்கு ஒரு மைல், ஆகவே 1280 எண்டு போட்ட ஸ்பீடோவை நிமிசத்துக்கு 1280 சுத்தில ட்ரில்லால சுத்தினால் முள் 60ஐக் காட்டவேணும், 640இல 30. மெதுவாய்த் தொடங்குங்கோ, முள் எழும்பாமல் கீழ்த் தடுப்போட ஒட்டினால் திசை பிழை, உடன நிப்பாட்டி ட்ரில்லை மறுபக்கம் மாத்துங்கோ. இப்பிடிச் சுத்தேக்கை முள் ஆடாமல் நிண்டால் பழுது ஸ்பீடோவில இல்லை, கேபிளுக்குத்தான் காசு செலவழிக்கவேணும்.